நோவாவுக்கு முன்பே ஒரு நோவா? களிமண் பலகையில் வெள்ளக் கதையைக் கண்டுபிடித்த ஜார்ஜ் ஸ்மித் யார்?

1872 டிசம்பர் 3. லண்டனில் விவிலியத் தொல்லியல் சங்கத்தின் கூட்டம். கூட்டத்தில் பிரிட்டன் பிரதமர் கிளாட்ஸ்டன் உட்கார்ந்திருக்கிறார். பேச எழுந்தவர் பேராசிரியர் இல்லை, பாதிரியாரும் இல்லை. கல்லூரிப் படிப்பே இல்லாதவர். வயது 32.

அவர் சொன்ன விஷயம் இதுதான். பைபிளின் ஆதியாகமத்தில் வரும் நோவாவின் கதை, அதாவது பெருவெள்ளம், பேழை, பறவையை வெளியே அனுப்பிப் பார்ப்பது எல்லாமே, அசீரியர்களின் களிமண் பலகை ஒன்றிலும் இருக்கிறது. ஆனால் அதில் நாயகனின் பெயர் நோவா இல்லை. கதையில் இருப்பது ஒரே கடவுளும் இல்லை, பல தெய்வங்கள்.

எபிரேய வேதத்தில் வரும் மனிதர்கள் எங்கிருந்து வந்தார்கள், அவர்களுக்கும் அக்கம்பக்கத்து மக்கள் சொல்லிவந்த நாட்டார் கதைகளுக்கும் என்ன தொடர்பு? இந்தக் கேள்வி பெரிய அளவில் பொதுவெளிக்கு வந்தது அந்த ஒரு மாலையில்தான். அதைக் கொண்டுவந்த ஜார்ஜ் ஸ்மித், அடுத்த நான்கு ஆண்டுகள்கூட உயிரோடு இல்லை.

யார் இந்த ஜார்ஜ் ஸ்மித்?

1840 மார்ச் 26 அன்று லண்டனின் செல்சி பகுதியில் பிறந்தவர் ஸ்மித். சாதாரண உழைக்கும் குடும்பம். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வீட்டுப் பையனுக்கு ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் எல்லாம் நினைத்துப் பார்க்கக்கூட முடியாத இடங்கள். 14 வயதில் பிராட்பரி அண்ட் எவான்ஸ் என்ற நிறுவனத்தில் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். சார்லஸ் டிக்கன்ஸின் நாவல்களை வெளியிட்ட நிறுவனம் அது.

அங்கே ஸ்மித் கற்றுக்கொண்டது, கரன்சி நோட்டு அச்சடிப்பதற்கான உலோகத் தகட்டில் மெல்லிய கோடுகளைச் செதுக்கும் வேலை. ஒரு கோடு தவறினாலும் தகடு வீண். கண்ணும் கையும் அந்த அளவுக்குப் பழக வேண்டும். பின்னாளில் உடைந்த பலகைகளில் இருந்த பொடிப் பொடி எழுத்துகளை மற்றவர்களைவிட வேகமாக அவர் அடையாளம் கண்டதற்கு இந்தப் பழக்கம்தான் காரணம் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்வதுண்டு.

சின்ன வயதிலிருந்தே அவருக்குப் பழைய ஏற்பாட்டின் வரலாற்றில் ஆர்வம். யோனா தீர்க்கதரிசி போன நினிவே நகரத்தை மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி, அப்போது பிரிட்டனில் எல்லோருக்கும் தெரிந்த பரபரப்பு. அதைப் பற்றி வந்த புத்தகங்களை வாங்கிப் படித்தார். மதியச் சாப்பாட்டு இடைவேளை கிடைத்தால் போதும், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு நடையைக் கட்டிவிடுவார். 1863இல் மேரி கிளிஃப்டனைத் திருமணம் செய்துகொண்டார். குடும்பம் பெருகியது. ஆனாலும் வேலை முடிந்த பிறகு ஆப்பெழுத்துப் படிப்பது நிற்கவில்லை.

அது என்ன ஆப்பெழுத்து?

இன்றைய ஈராக் பகுதியில் 3,000 ஆண்டுகளுக்கு மேல் புழக்கத்தில் இருந்த எழுத்துமுறை இது. ஈரக் களிமண்ணில் நாணல் குச்சியின் முனையை அழுத்தி எழுதுவார்கள். பதியும் தடம் ஆப்பு மாதிரி இருப்பதால் இந்தப் பெயர். சுமேரியர், பாபிலோனியர், அசீரியர் என்று பல மக்கள் தங்கள் மொழிகளை இதில் எழுதினார்கள். பிறகு ஒரு கட்டத்தில் இதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாமல் போனார்கள்.

19ஆம் நூற்றாண்டில்தான் இந்தப் பூட்டு மெல்லத் திறந்தது. 1857இல் ஒரு பரீட்சை வைத்தார்கள். ஒரே கல்வெட்டின் நகலை ரோலின்சன், ஹிங்க்ஸ், ஒப்பர்ட், டால்பட் ஆகிய நான்கு அறிஞர்களும் ஒருவரையொருவர் கலந்துபேசாமல் மொழிபெயர்க்க வேண்டும். நான்கும் பெருமளவு ஒத்துப்போயின. அசீரிய மொழியைப் படிக்க முடியும் என்று அதன் பிறகுதான் எல்லோரும் நம்பினார்கள்.

பலகைகள் லண்டனுக்கு வந்தது எப்படி?

கி.மு. 7ஆம் நூற்றாண்டில் அசீரியாவை ஆண்டவர் அஷுர்பனிபால். போர், படையெடுப்பு எல்லாம் ஒருபுறம் இருக்க, தன் தலைநகரான நினிவேயில் பெரிய நூலகம் ஒன்றை உருவாக்கினார். பாபிலோனியாவில் இருந்த பழைய நூல்களையெல்லாம் தேடிப் பிடித்துப் படியெடுத்து வைக்கச் சொன்னார்.

கி.மு. 612இல் எதிரிகள் நினிவேயை எரித்தார்கள். காகிதமோ ஓலையோ இருந்திருந்தால் எல்லாம் சாம்பலாகியிருக்கும். இது களிமண் ஆச்சே. நொறுங்கின, ஆனால் அழியவில்லை. பல பலகைகள் தீயில் வெந்து செங்கல் மாதிரி இறுகிவிட்டன.

அப்படியே 2,400 ஆண்டுகளுக்கு மேல் கிடந்தவற்றை 1850களில் தோண்டி எடுத்தவர்கள் இருவர். ஒருவர் ஆங்கிலேயரான ஆஸ்டன் ஹென்றி லேயார்ட். இன்னொருவர், அதே மோசூல் நகரத்தில் பிறந்த கிறிஸ்தவரான ஹோர்முஸ்ட் ரசாம். ஏறத்தாழ 30,000 பலகைகளும் துண்டுகளும் பெட்டி பெட்டியாக லண்டன் போய்ச் சேர்ந்தன. சிக்கல் என்னவென்றால், அவற்றில் பெரும்பாலானவற்றைப் படிக்க ஆள் இல்லை.

அச்சகத் தொழிலாளி உள்ளே நுழைந்தது எப்படி?

தினமும் வந்து பலகைகளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர், அருங்காட்சியகத்தில் கீழைநாட்டுத் தொல்பொருள் பிரிவின் தலைவரான சாமுவேல் பர்ச்சின் கண்ணில் பட்டார். விசாரித்தால், அங்கே வேலை பார்ப்பவர்களைவிடப் பையனுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. ஆப்பெழுத்து ஆய்வின் முன்னோடியான ஹென்றி ரோலின்சனிடம் அவரைப் பற்றிச் சொன்னார் பர்ச். ரோலின்சன் தன் பணிகளுக்கு உதவியாக ஸ்மித்தைச் சேர்த்துக்கொண்டார்.

1866இல் ஸ்மித்தின் முதல் கண்டுபிடிப்பு வெளியானது. இஸ்ரவேல் அரசன் யெகூ, அசீரிய மன்னன் மூன்றாம் சல்மனாசாருக்குக் கப்பம் கட்டிய ஆண்டு எது என்பதை அவர் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே அருங்காட்சியகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. செதுக்குத் தொழிலுக்கு முழுக்குப் போட்டார்.

வேலை என்றால் சொகுசு வேலை இல்லை. ஆயிரக்கணக்கான துண்டுகளில் எது எதோடு ஒட்டும் என்று பார்க்க வேண்டும். தீப்பிடித்துவிடும் என்ற பயத்தில் அங்கே விளக்கு எரிக்கக் கட்டுப்பாடு இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும். லண்டனில் பனிமூட்டம் சூழ்ந்தால் அன்றைய வேலை அவ்வளவுதான்.

கிடைத்த துண்டுகளை ஸ்மித் பொருள்வாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டார். வரலாறு ஒரு குவியல், சோதிடம் ஒரு குவியல், புராணக் கதைகள் ஒரு குவியல். அந்தப் புராணக் குவியலில்தான் அவர் வாழ்க்கையைத் திருப்பிப்போட்ட பலகை காத்திருந்தது.

1872: பலகையில் என்ன இருந்தது?

ஒரு பெரிய துண்டு. படித்துக்கொண்டே வந்தபோது, ஒரு கப்பல் மலை மேல் தட்டி நின்றதாக ஒரு வரி. அடுத்து, ஒரு புறாவை வெளியே விட்டதாகவும், இறங்க இடம் இல்லாமல் அது திரும்பி வந்ததாகவும் வரிகள். பழைய ஏற்பாட்டை நன்றாகப் படித்தவருக்கு இது எந்தக் கதை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் பலகையின் ஒரு பகுதியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் படிவம் ஏறியிருந்தது. அதைச் சேதம் இல்லாமல் எடுக்கத் தெரிந்த ராபர்ட் ரெடி ஊரில் இல்லை. அவர் வரும்வரை ஸ்மித் இருப்புக்கொள்ளாமல் தவித்தார். ரெடி திரும்பி வந்து சுத்தம் செய்து கொடுத்ததும், நினைத்தது சரிதான் என்று உறுதியானது. சந்தோஷம் தாங்காமல் அறைக்குள் குதித்து ஓடினார், சட்டையைக் கழற்றவே ஆரம்பித்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. அதே அருங்காட்சியகத்தில் பின்னாளில் பணியாற்றிய வாலிஸ் பட்ஜ் பல ஆண்டுகள் கழித்து எழுதியது அது. கொஞ்சம் உப்பு, காரம் சேர்ந்திருக்கலாம்.

இன்று கில்கமெஷ் காவியம் என்று நாம் சொல்லும் நூலின் 11ஆம் பலகை அது. சாவுக்குப் பயந்து, சாகாத ரகசியத்தைத் தேடிப் போகிறான் கில்கமெஷ். உத்னபிஷ்டிம் என்ற முதியவரைச் சந்திக்கிறான். அவர் தன் கதையைச் சொல்கிறார். தெய்வங்கள் கூடி உலகை வெள்ளத்தில் அழிக்க முடிவெடுக்கின்றன. ஏயா என்ற தெய்வம் மட்டும் ஒரு நாணல் தட்டியிடம் பேசுவதுபோல் பேசி அவரை எச்சரிக்கிறது. வீட்டை இடித்து மரக்கலம் கட்டச் சொல்கிறது. குடும்பம், விலங்குகள், கைவினைஞர்கள் எல்லோரையும் ஏற்றிக்கொள்கிறார். ஆறு பகல், ஏழு இரவு புயல். பிறகு கலம் மலையில் நிற்கிறது. புறாவை விடுகிறார், திரும்பி வருகிறது. தகைவிலான் குருவியை விடுகிறார், அதுவும் திரும்புகிறது. காக்கையை விடுகிறார், அது திரும்பவில்லை. இறங்கிப் பலி செலுத்துகிறார்.

ஒற்றுமை எங்கே, வித்தியாசம் எங்கே?

ஆதியாகமத்தைப் படித்தவர்களுக்கு ஒற்றுமைகள் உடனே தெரியும். முன்கூட்டிய எச்சரிக்கை, கலம் கட்டும் கட்டளை, விலங்குகள், மலை, பறவைகள், கடைசியில் பலி. வரிசைகூட ஏறத்தாழ அதேதான். இன்னொரு சின்ன விஷயமும் உண்டு. பேழைக்கு உள்ளும் புறமும் கீல் பூசச் சொல்லும் இடத்தில் எபிரேய மூலத்தில் இருக்கும் சொல் கோஃபெர். பாபிலோனியக் கதையில் கீலுக்கு இருக்கும் சொல் குப்ரு. இரண்டும் ஒரே வேர்ச்சொல்.

இப்போது வித்தியாசங்கள். நோவாவின் பேழை 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம், மூன்று தட்டுகள். உத்னபிஷ்டிமின் கலமோ நீளமும் அகலமும் உயரமும் சமம், ஒவ்வொன்றும் 120 முழம். ஆதியாகமத்தில் காக்கை முதலில் போகிறது, பிறகு புறா. பாபிலோனியக் கதையில் காக்கை கடைசி. ஒன்றில் 40 நாள் மழை, மற்றதில் ஒரு வாரப் புயல். உத்னபிஷ்டிமுக்குச் சாகாவரம் கிடைக்கிறது. நோவா 950 வயதில் இறந்துபோகிறார்.

இதையெல்லாம்விட முக்கியமான வித்தியாசம், கதை எதற்காகச் சொல்லப்படுகிறது என்பதில் இருக்கிறது. பாபிலோனியத் தெய்வங்கள் தங்களுக்குள் சண்டை போடுகின்றன, வெள்ளத்தைப் பார்த்துத் தாங்களே பயந்து ஓடுகின்றன, பலியின் வாசனைக்கு ஈ மொய்ப்பதுபோல் கூடுகின்றன. ஆதியாகமத்தில் ஒரே கடவுள். மனிதர்களின் அக்கிரமம் பொறுக்காமல் வெள்ளம் அனுப்புகிறார். முடிவில், இனி இப்படி அழிக்க மாட்டேன் என்று வானவில்லைச் சாட்சியாக வைத்து உடன்படிக்கை செய்கிறார். கதையின் எலும்புக்கூடு ஒன்றுதான், உயிர் வேறு.

பத்திரிகை கொடுத்த 1,000 கினி

ஸ்மித்தின் பேச்சு ஊரையே பிடித்து உலுக்கியது. பைபிள் சொன்னது உண்மைதான், இதோ இன்னொரு சாட்சி என்றது ஒரு தரப்பு. பைபிளே பழைய கதையை எடுத்து எழுதியதுதான் என்றது இன்னொரு தரப்பு. டார்வினின் நூல் வெளியாகி 13 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. மதமும் அறிவியலும் மோதிக்கொண்டிருந்த நேரம். ஸ்மித்தோ இரண்டு பக்கமும் போய்க் கொடி பிடிக்கவில்லை. மீதித் துண்டுகள் கிடைக்க வேண்டும் என்பதுதான் அவர் கவலை.

இந்த இடத்தில் டெய்லி டெலிகிராஃப் நாளிதழ் உள்ளே வந்தது. அதன் ஆசிரியர் எட்வின் ஆர்னால்ட், ஒரு காலத்தில் புனே கல்லூரியில் முதல்வராக இருந்தவர். தமிழ் வாசகர்களுக்கு அந்நியர் இல்லை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ஆசிய ஜோதி, இவர் புத்தரைப் பற்றிப் பிற்பாடு எழுதிய காவியத்தின் தழுவல்தான். வெள்ளக் கதையின் விடுபட்ட பகுதியைத் தேட ஸ்மித்தை நினிவேக்கு அனுப்பினால் 1,000 கினி தருவதாக ஆர்னால்டின் பத்திரிகை அறிவித்தது.

1873 ஜனவரியில் ஸ்மித் கிளம்பினார். அதுவரை களிமண் பலகைகளில் மட்டுமே பார்த்த நாட்டை முதன்முறையாக நேரில் பார்க்கப் போகிறார். ஒட்டோமான் அரசின் அனுமதிக்காக வாரக்கணக்கில் காத்திருந்தார். மே மாதம் நினிவேயில் தோண்டத் தொடங்கி ஒரே வாரத்தில் அதிர்ஷ்டம் அடித்தது. அன்று கிடைத்த துண்டுகளைத் தூசி தட்டிப் படித்தபோது, ஒன்றில் வெள்ளக் கதையின் 17 வரிகள் இருந்தன. தான் தேடி வந்த இடைவெளி நிரம்பிவிட்டது என்று நம்பி லண்டனுக்குத் தந்தி அடித்தார்.

அதுதான் வினையாகிப்போனது. தலைப்புச் செய்தி கிடைத்துவிட்டதால் பத்திரிகைக்கு வேலை முடிந்தது. தோண்டும் பருவம் முடிகிறது என்ற அர்த்தம் வரும்படி அவருடைய தந்தி அச்சில் வந்தது. தான் அப்படி எழுதவே இல்லை என்று ஸ்மித் பிறகு தன் புத்தகத்தில் பதிவு செய்தார். இன்னும் நிறையத் தோண்ட வேண்டும் என்று நினைத்தவர், மனமில்லாமல் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. ஆனாலும் அதே ஆண்டின் இறுதியில் அருங்காட்சியகமே செலவை ஏற்று அவரை மறுபடியும் அனுப்பியது.

மோசேயின் பெட்டியும் சர்கோனின் கூடையும்

இரண்டு பயணங்களுக்கும் பிறகு ஸ்மித் எழுதிய கல்தேய ஆதியாகமம் பற்றிய நூல், 1876ஆம் ஆண்டு என்ற குறிப்போடு வெளியானது. வெள்ளக் கதையோடு, படைப்புக் கதை உள்ளிட்ட வேறு பல பலகைகளும் அதில் இருந்தன. அவற்றில் ஒன்று அக்காத் நாட்டு மன்னன் சர்கோனின் பிறப்புக் கதை.

சர்கோனின் தாய் ஒரு பூசாரிணி. ரகசியமாகப் பிள்ளை பெறுகிறார். நாணல் கூடையில் குழந்தையை வைத்து, கீல் பூசி மூடி, ஆற்றில் விடுகிறார். தண்ணீர் இறைக்கும் அக்கி என்பவர் எடுத்து வளர்க்கிறார். அந்தப் பிள்ளை மன்னனாகிறான். யாத்திராகமத்தில் மோசேயின் தாய் நாணற்பெட்டிக்குப் பிசினும் கீலும் பூசி நைல் நதிக்கரை நாணலுக்குள் வைப்பதை நினைத்துப் பார்த்தால், பொருத்தம் புரியும்.

நமக்கு உடனே கர்ணன் ஞாபகம் வருவதும் இயல்புதான். ஆஸ்திரியாவைச் சேர்ந்த உளவியலாளர் ஓட்டோ ராங்க் 1909இல் எழுதிய நூலில் சர்கோன், மோசே, கர்ணன் மூவரையும் ஒரே வரிசையில் வைத்து ஆராய்ந்தார். பெரிய ஆள் ஆகப்போகிற குழந்தை சிறுவயதில் கைவிடப்பட்டுக் காப்பாற்றப்படுவது, பல நாடுகளில் காணப்படும் கதைக்கூறு. நாட்டார் வழக்காற்றியல் என்ற துறையே இப்படித் திரும்பத் திரும்ப வரும் கூறுகளைப் பின்தொடர்ந்துதான் வளர்ந்தது.

கடைசிப் பயணம்

நூல் வெளியான கையோடு ஸ்மித்தை மூன்றாவது முறையாக அனுப்பியது அருங்காட்சியகம். போக வேண்டிய பகுதியில் கொள்ளைநோய். அனுமதிக் கடிதத்துக்கே மாதக்கணக்கில் அலைச்சல். உடன் வந்த ஃபின்லாந்து ஆய்வாளர் கார்ல் எனெபெர்க் பயணத்தின்போதே நோயில் இறந்தார். தோண்டும் வேலை நடக்கவே இல்லை.

1876 கோடையில், வெயில் கொளுத்தும் நேரத்தில், ஸ்மித் சிரியா வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் ரத்தபேதி தாக்கியது. அலெப்போவுக்கு வடக்கே ஒரு கிராமத்தில் படுத்துவிட்டார். பக்கத்தில் டாக்டர் இல்லை. அங்கிருந்து அவரை அலெப்போவுக்குத் தூக்கி வந்தார்கள். ஆகஸ்ட் 19 அன்று உயிர் பிரிந்தது. வயது 36.

கடைசி நாட்களில் தன் குறிப்பேட்டில் சில வரிகள் எழுதியிருந்தார். பிழைக்காமல் போனால் தன் குறிப்புகளையும் சேகரிப்புகளையும் எல்லா மாணவர்களும் பார்க்கத் திறந்துவிட வேண்டும் என்பது ஒரு வேண்டுகோள். நண்பர்கள் தன் குடும்பத்தைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது இன்னொன்று. தன் கடமையைச் செய்துவிட்டதாகவும் எழுதியிருந்தார். அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அரசு ஆண்டுக்கு 150 பவுண்டு உதவித்தொகை வழங்கியது.

ஸ்மித் தவறிய இடங்கள்

முதல் ஆளாக ஒரு காட்டுக்குள் வழி வெட்டுகிறவர் சில இடங்களில் திசை மாறுவது சகஜம். கில்கமெஷ் என்ற பெயரை அவர் இஸ்துபார் என்று படித்தார். அந்த நாயகன்தான் பைபிளில் வரும் நிம்ரோத் என்றும் கருதினார். சரியான உச்சரிப்பு கில்கமெஷ் என்று தியோஃபிலஸ் பின்ச்சஸ் நிறுவியது 1890இல்தான்.

இன்னொரு விஷயம் இன்னும் சுவாரஸ்யமானது. 1873இல் அவர் தோண்டி எடுத்த அந்த 17 வரிகள், அவர் நினைத்த நூலைச் சேர்ந்தவையே இல்லை. அது அத்ரஹசிஸ் என்ற வேறொரு காவியத்தின் துண்டு. அதாவது விடுபட்ட பக்கத்தைத் தேடிப் போனவர் கையில், அதே கதையின் வேறொரு வடிவம் சிக்கியிருக்கிறது. அவருக்கு அது தெரியாமலே போய்விட்டது.

இது வெறும் தவறு இல்லை, முக்கியமான தடயம். மெசபடோமியாவுக்குள்ளேயே வெள்ளக் கதைக்கு ஒரே மூலப்பிரதி கிடையாது. அத்ரஹசிஸ் காவியத்தின் பிரதிகள் கி.மு. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதில் மனிதர்கள் போடும் இரைச்சல் தாங்காமல் தெய்வம் வெள்ளத்தை ஏவுகிறது. நிப்பூரில் கிடைத்த சுமேரிய மொழிப் பலகையை 1914இல் ஆர்னோ பொபெல் வெளியிட்டார். அதில் நாயகன் பெயர் ஜியுசுத்ரா. 2014இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இர்விங் ஃபிங்கெல் வெளியிட்ட இன்னொரு பலகையில், கலம் பரிசல் மாதிரி வட்டமாகவே இருக்கிறது. பெயர் மாறுகிறது, காரணம் மாறுகிறது, படகின் வடிவம் மாறுகிறது. கதை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அவருக்குப் பிறகு என்ன ஆனது?

ஸ்மித் திறந்த வாசல் வழியாக ஒரு தலைமுறையே உள்ளே வந்தது. ஜெர்மானிய இறையியலாளர் ஹெர்மன் குங்கெல் 1901இல் வெளியிட்ட ஆதியாகம விளக்க நூல் ஒரு திருப்புமுனை. ஆதியாகமக் கதைகள் ஒரு ஆசிரியர் உட்கார்ந்து எழுதியவை அல்ல, எழுத்துக்கு வருவதற்கு முன் மக்கள் வாய்வழியாகச் சொல்லிவந்தவை என்றார் அவர். லோத்தின் மனைவி உப்புத்தூண் ஆனதை எடுத்துக்கொள்ளுங்க. சாக்கடலை ஒட்டி மனித உருவம்போல நிற்கும் உப்புப்பாறைகளுக்கு மக்கள் சொன்ன விளக்கக் கதை அது என்பது இந்த வழியில் வந்த ஆய்வாளர்களின் கருத்து. நம்ம ஊரில் ஒரு பாறைக்கும் குளத்துக்கும் தலபுராணம் இருக்கிற மாதிரி.

பிரிட்டனின் ஜேம்ஸ் ஃபிரேசர், பழைய ஏற்பாட்டில் நாட்டார் வழக்காறுகள் பற்றி 1918இல் மூன்று தொகுதிகள் வெளியிட்டார். உலகெங்கும் இருந்து வெள்ளக் கதைகளை அதில் திரட்டினார். மச்சம் காப்பாற்றும் மனுவின் கதையும் அதில் உண்டு. யாப்போக்கு ஆற்றின் கரையில் யாக்கோபோடு இரவு முழுக்க மல்லுக்கட்டி, விடிவதற்குள் போக வேண்டும் என்று துடிக்கும் உருவம், ஆற்றைக் காவல் காக்கும் ஆவி பற்றிய பழைய நம்பிக்கையிலிருந்து வந்திருக்கலாம் என்றார். தலைமயிரில் பலம் இருந்த சிம்சோனையும், உயிரை வேறெங்கோ ஒளித்து வைக்கும் நாட்டுப்புறக் கதை நாயகர்களோடு ஒப்பிட்டார்.

எல்லோரும் இதே நிதானத்தோடு நடந்துகொள்ளவில்லை. 1902இல் பெர்லினில், ஜெர்மானியப் பேரரசர் முன்னிலையில் ஃப்ரீட்ரிக் டெலிட்ஷ் நிகழ்த்திய உரையும் அதைத் தொடர்ந்த உரைகளும், பாபிலோன்தான் உயர்ந்தது, எபிரேய வேதம் இரவல் வாங்கியது என்ற தொனியில் போயின. யூத வெறுப்புக்கும் அது தீனி போட்டது. களிமண் பலகை பற்றிய ஒரு கேள்வி, உயிரோடு இருக்கும் ஒரு மக்களை மட்டம் தட்டும் ஆயுதமாக மாறியது இப்படித்தான்.

அப்படின்னா நோவா கதை காப்பியா?

இன்றைக்குப் பெரும்பாலான ஆய்வாளர்கள் இதில் உடன்படுகிறார்கள்: ஆதியாகம வெள்ளக் கதைக்குப் பின்னால் மெசபடோமிய மரபு இருக்கிறது. அது எப்போது, எந்த வழியாக வந்தது என்பதில்தான் விவாதம். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் யூதர்கள் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனபோது அறிமுகமாகியிருக்கலாம் என்பது ஒரு கருத்து. அதற்கு வெகுகாலம் முன்பே கானான் நாட்டில் புழங்கியிருக்கலாம் என்பது இன்னொன்று. இன்றைய இஸ்ரேலில் உள்ள மெகிதோவில், கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கில்கமெஷ் காவியத் துண்டு ஒன்று கிடைத்திருப்பது இரண்டாவது கருத்துக்கு வலு சேர்க்கிறது.

ஆதியாகமத்துக்குள்ளேயே இரண்டு விதமான சொல்முறை தெரிகிறது. ஓரிடத்தில் எல்லா உயிர்களிலும் ஒரு ஜோடி, இன்னோரிடத்தில் சுத்தமான விலங்குகளில் ஏழு ஏழு. மழை 40 நாள் என்கிறது ஒரு இடம், தண்ணீர் 150 நாள் பெருகி நின்றது என்கிறது இன்னொரு இடம். ஒரே கதை இஸ்ரவேலிலும் பலவிதமாகச் சொல்லப்பட்டு, பிறகு ஒன்றாகக் கோக்கப்பட்டது என்று ஆய்வாளர்கள் விளக்குவது இதனால்தான்.

இங்கே காப்பி என்ற சொல் பொருந்தாது. பரீட்சைத் தாளைப் பார்த்து எழுதுவது போன்ற விஷயம் இல்லை இது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதையை எடுத்துக்கொண்டு, நாங்கள் நம்பும் கடவுள் இப்படிப்பட்டவர் என்று சொல்ல எபிரேயர்கள் அதைத் திருப்பிச் சொன்னார்கள். வால்மீகியின் ராமனும் கம்பனின் ராமனும் ஒரே கதையில்தான் நடக்கிறார்கள். அதனால் கம்பராமாயணத்தை யாரும் நகல் என்று ஒதுக்குவதில்லை.

ஒரு பாத்திரம் எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. அந்தப் பாத்திரம் நம்புகிறவர்களுக்கு என்ன அர்த்தம் தருகிறது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பலகைகளும் மொழியும் பதில் சொல்லும். இரண்டாவதற்கு அவற்றால் பதில் சொல்ல முடியாது. உண்மையிலேயே ஒரு வெள்ளம் வந்ததா என்பது மூன்றாவது கேள்வி. டைகிரிஸ், யூப்ரடீஸ் நதிகளில் பெரிய வெள்ளங்கள் வந்ததற்குச் சான்று இருக்கிறது. உலகம் முழுக்க மூழ்கியதற்கு நிலவியல் சான்று இல்லை. 1872இல் சண்டை போட்ட இரண்டு தரப்பும் இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதுதான் பிரச்சினை. சமூக வலைத்தளங்களில் இன்றும் இதே குழப்பத்தைப் பார்க்கலாம்.

ஸ்மித் படித்த அந்த வெள்ளப் பலகை இன்றும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எண் கே 3375. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, ஓரம் உடைந்தது. அவர் கேட்டுக்கொண்டபடியே அங்குள்ள பலகைகள் ஆய்வாளர்களுக்குத் திறந்திருக்கின்றன. நினிவே நூலகத்தின் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்க்கும் வேலை இன்னும் முடியவில்லை. கில்கமெஷ் காவியத்தின் விடுபட்ட வரிகள் இப்போதும் அவ்வப்போது கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.